கல்லறையைத் தோண்டிய இரவு

நண்பர்களே, வணக்கம். இங்கிலாந்தில் ஸ்டாஃபோர்ட்ஷயர் பகுதியில் நியூசர்ச் என்றொரு சின்ன ஊர். அங்கே டார்லி ஓக்ஸ் என்ற பண்ணையில் மருத்துவ ஆராய்ச்சிக்காகக் கினிப் பன்றிகள் (பெயர்தான் பன்றி, எலி போன்ற சிறு பிராணி) வளர்த்தார்கள். அதை மூடச் சொல்லி 1999-இல் விலங்கு உரிமை ஆர்வலர்களின் போராட்டம் தொடங்கியது. பண்ணை வாசலில் பதாகை பிடித்து நின்றவர்கள் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. அது அவர்கள் உரிமை.

ஆனால் இருட்டில் வந்தவர்கள் வேறு. பண்ணைக்கு எரிபொருள் கொடுத்தவரை மிரட்டினார்கள். வீட்டுவேலைக்கு வந்த அம்மாவையும் விடவில்லை. 2004 அக்டோபரில், பக்கத்து ஊரான யாக்ஸலின் தேவாலயக் கல்லறைத் தோட்டத்தில் ஒரு குழி திறந்து கிடந்தது. ஏழு வருஷத்துக்கு முன் அடக்கமான மூதாட்டியின் உடலைக் காணோம். பண்ணைக் குடும்பத்தில் ஒருவருக்கு அவர் மாமியார். பண்ணைக்கும் அவருக்கும் வேறு தொடர்பே கிடையாது. செத்தவரைக்கூட நிம்மதியாக விடாத போராட்டம் எந்த உயிருக்காக? மறு ஆண்டு ஆகஸ்டில், கினிப் பன்றி வளர்ப்பை விடுகிறோம் என்று அந்தக் குடும்பம் அறிவித்துவிட்டது. 2006 மே மாதம்தான் எலும்புகள் ஒரு காட்டில் கிடைத்தன. மூன்று பேருக்குத் தலா 12 ஆண்டு சிறை.

அடி விழுந்தது ஆராய்ச்சியாளர்மேல் அல்ல, அக்கம்பக்கத்தில் இருந்தவர்கள்மேல். விலங்குகளை வைத்துச் சோதனை நடத்திய ஹண்டிங்டன் ஆய்வு நிறுவனத்துக்கும் இதே கதிதான். வங்கி கைவிட்டதால், 2001-இல் பேங்க் ஆஃப் இங்கிலாந்தே அதற்குக் கணக்குத் திறந்து கொடுக்க வேண்டியிருந்தது.

சரி, சட்டம் என்ன செய்தது? 2005-இல் புதுச் சட்டம் வந்தது. ஆராய்ச்சி நிறுவனத்துக்குச் சரக்கு கொடுப்பவரை மிரட்டி ஒப்பந்தத்தை முறிக்க வைத்தால், 145-ஆம் பிரிவின்படி ஐந்து ஆண்டுவரை சிறை. ஆனால் கல்லறை வழக்கின் தண்டனையும், ஹண்டிங்டனுக்கு எதிராக இயங்கிய ஏழு பேருக்கு 2009-இல் வின்செஸ்டர் நீதிமன்றம் கொடுத்த நான்கு முதல் பதினோரு ஆண்டுவரையான தண்டனையும், 1968 முதல் இருக்கும் மிரட்டல் சட்டத்தில்தான் வந்தன. அப்படியானால் மாறியது எது? போலீஸின் பார்வைதான் என்பேன். ஒரு ஊரில் மிரட்டல் போன், இன்னொரு ஊரில் சுவரில் பெயின்ட். தனித்தனியே பார்த்தால் சில்லறை வழக்குகள். 2004-இல் தேசிய அளவில் ஒரு போலீஸ் பிரிவு தொடங்கிய பிறகு இவற்றை ஒன்றாகக் கோத்துப் பார்க்க முடிந்தது. 2007 மே மாதம் நூற்றுக்கணக்கான போலீஸார் ஒரே நாளில் சோதனைக்கு இறங்கினார்கள்.

145-ஆம் பிரிவில் எனக்கு ஒரு கவலை உண்டு. குற்றச் செயல் மட்டுமல்ல, நஷ்டம் உண்டாக்கும் சிவில் தவறுகூட (சாதாரணமாக நஷ்டஈடு வழக்கோடு முடிவது) அதற்குள் வந்துவிடும்; ஒப்பந்தத்தை மீறத் தூண்டுவது மட்டுமே என்றால் வராது. தொழிற்சங்க வேலைநிறுத்தத்துக்கு விலக்கு கொடுத்தார்கள். வாசலில் பதாகையோடு நின்றவருக்கும் அதே பாதுகாப்பை எழுதிக் கொடுத்திருக்க வேண்டும்.