அயர்ன் பாக்ஸ் செய்த தப்புக்குக் கோட்டுக்கு ஏன் தண்டனை?

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். "சொகுசுக் கப்பலில் இரவு விருந்துக்கு விசேஷமாக உடுத்திக்கொண்டு போவது சுகமா, சுமையா?" சுகமே என்பது எங்கள் அணி.

எதிரணித் தோழர் ஒரு கதையும் ஒரு கேலியும் சொல்லிவிட்டு உட்கார்ந்திருக்கிறார். கதை இது: ஒருத்தர் ஆசை ஆசையாகக் கோட்டு எடுத்துக்கொண்டு கப்பலேறினார், முதல் ராத்திரி சூட்கேஸே வரவில்லை, அரைக்கால் சட்டையோடு சாப்பிட நின்றார். கேலி: "எல்லாரும் கறுப்புக் கோட்டு, எல்லார் கழுத்திலும் பட்டாம்பூச்சி மாதிரி போ டை. சாப்பாடு போடுறவர் யாரு, சாப்பிடுறவர் யாருன்னே தெரியலை!" நன்றாகக் கைதட்டினீர்கள். கேலிக்குப் பிறகு வருகிறேன். முதலில் கதை. தோழர் அதைப் பாதியிலேயே இறக்கிவிட்டுவிட்டார், மீதியை நான் ஓட்டுகிறேன்.

அந்த சூட்கேஸ் ஏன் வரவில்லை? துறைமுகத்தில் போர்ட்டர் வாங்கினார். கேபின் எண் எழுதிய சீட்டு தொங்குகிறது. எண் சரி, பெயர் சரி. ஸ்கேனருக்குள் போகிறது. உள்ளே கோட்டு, பேன்ட், ஷூ. எல்லாவற்றுக்கும் மேலே ராஜா மாதிரி என்ன உட்கார்ந்திருக்கிறது? அயர்ன் பாக்ஸ்! கோட்டு கசங்கிவிடுமே என்ற கவலையில் வைத்தது. பயணிகள் கேபினில் அயர்ன் பாக்ஸ் கூடாது ஐயா, துணிக்கு ஆவி பிடிக்கும் ஸ்டீமரும் கூடாது. காரணம் தீ. நடுக்கடலுக்குத் தீயணைப்பு வண்டி வராது. ஆகவே பெட்டி நேராகப் பாதுகாப்பு அறைக்குப் போனது. உரியவர் வந்து, திறந்து காட்டி, அயர்ன் பாக்ஸை ஒப்படைத்தால்தான் பெட்டி கைக்கு வரும். அயர்ன் பாக்ஸ் திரும்பக் கிடைப்பது பயணம் முடிந்த பிறகுதான்.

இது அவருக்குத் தெரியாது. கேபின் கதவைத் திறந்து பார்க்கிறார். இடப்பக்கத்துக் கேபினுக்குப் பெட்டி வந்துவிட்டது. மூடுகிறார். பத்து நிமிஷம் கழித்துத் திறக்கிறார். வலப்பக்கத்துக்கும் வந்துவிட்டது. மூடுகிறார். மறுபடி திறக்கிறார். எதிர்க் கேபினில் கைக்குழந்தை, அதன் பெட்டிகூட வந்துவிட்டது!

இப்போது இதே கதையை அந்தக் கோட்டின் வாயால் கேளுங்கள். பெட்டிக்குள்ளிருந்து அது சொல்கிறது: "அப்பா, என்னைக் கசங்காமல் கொண்டுவர ஒரு வழி இருந்ததே! என் ஒரு தோளை உட்புறம் வெளியே வருகிற மாதிரி திருப்பி, மறு தோளை அதற்குள் நுழைத்து, நீளவாக்கில் ஒரு மடிப்பு, குறுக்கே ஒரு மடிப்பு. சலவைக் கடைக்காரர் போட்டுத் தந்த மெல்லிய பிளாஸ்டிக் உறையோடு அப்படியே வைத்திருந்தால் துணி துணியோடு உரசாது, வழுக்கிக்கொண்டு கிடக்கும், மடிப்பு பதியாது. கம்பளி நூலில் நெய்தவன் நான், ஒரு ராத்திரி தொங்கினாலே நிமிர்ந்துவிடுவேன். மீறிச் சுருக்கம் இருந்தால் கேபின் குளியலறையில் மாட்டி, கதவைச் சாத்தி, வெந்நீர் ஷவரைப் பத்து நிமிஷம் திறந்துவிடு. அந்த அறை அத்தனை சின்னது, ஆவி உடனே நிறையும். பிறகு என்னைக் காயவிட்டுப் போடு, ஈரத்தோடு போடாதே. இத்தனை வழி இருக்க, என் தலையில் அயர்ன் பாக்ஸை ஏற்றினாயே!"

இது கோட்டின் குற்றமா நடுவர் அவர்களே?

இன்னொன்றையும் தோழர் மறைத்துவிட்டார். பெட்டிகள் மாலை வரைக்கும் வந்துகொண்டிருக்கும் என்று கப்பல்காரர்களுக்குத் தெரியும். அதனால்தான் முதல் ராத்திரி பெரும்பாலும் சாதாரண உடை. கையில் எடுத்துப்போகிற பையில் ஒரு முழு பேன்டும் காலர் வைத்த சட்டையும் மடித்து வைத்திருந்தால் முடிந்தது விஷயம். மருந்து, பாஸ்போர்ட், ஒரு செட் துணி: இந்த மூன்றையும் போர்ட்டரிடம் கொடுக்கவே கூடாது. இதைவிடப் பெரிய விபத்து கடைசி ராத்திரியில் நடக்கும். பெட்டியைத் தூங்கும் முன் கேபின் வாசலில் வைக்கச் சொல்வார்கள். இருக்கிற எல்லாத் துணியையும் உள்ளே போட்டுப் பூட்டி அனுப்பிவிட்டு, காலையில் இரவு உடையோடு நின்றவர்கள் உண்டு. மறுநாள் போட வேண்டியதை முதலில் எடுத்து நாற்காலியில் வையுங்கள், பிறகு பெட்டியைப் பூட்டுங்கள்.

சுமை என்றார்கள். எவ்வளவு சுமை? ஏழு ராத்திரிப் பயணத்தில் பொதுவாக இரண்டு ராத்திரிதான் விசேஷ உடை. ஆணுக்கு அடர்நிற சூட் ஒன்று போதும், சட்டையும் டையும் மாறினால் இரண்டாம் ராத்திரிக்கு அதுவே புதுசு. பெண்ணுக்குக் கறுப்பு நீளப்பாவாடை ஒன்று, மேலே போட இரண்டு. லினன் வேண்டாம், மடித்தால் வரைபடம் மாதிரி கோடு விழும். ஜெர்சி, க்ரேப் துணி பந்தாகச் சுருட்டினாலும் நிமிரும். தரையைத் தொடும் விளிம்பு கப்பலுக்கு ஆகாது. படிக்கட்டும் உண்டு, ஆட்டமும் உண்டு, விளிம்பு கணுக்காலுக்கு மேலே நிற்கட்டும். ஊசிக் குதிகாலுக்குப் பதில் அகலக் குதிகால். சாப்பாட்டுக் கூடத்தில் ஏசி குளிரும், ஒரு சால்வை அவசியம். கேபின் சுவர்கள் பெரும்பாலும் இரும்புத் தகடு, காந்தக் கொக்கி நாலு கொண்டுபோனால் சுவரே அலமாரி. கப்பல் சலவையில் துணி தேய்க்கக் கொடுப்பதென்றால் ஏறிய அன்றே கொடுத்துவிடுங்கள். விசேஷ ராத்திரி அன்றைக்குக் காலையில் கொடுத்தால் ஊரே அங்கே வரிசையில் நிற்கும்.

பிடிக்காதவரை யாரும் கட்டிப்போடவில்லை. நார்வீஜியன் குரூஸ் லைன் என்ற கப்பல் நிறுவனம் 2000-ஆம் ஆண்டிலிருந்தே கட்டாய விசேஷ உடையை விட்டுவிட்டது. உடையில் கறாரான குயின் மேரி 2 கப்பலில்கூட, காலா ராத்திரி என்கிற விசேஷ உடை ராத்திரியில் உடுத்த மனமில்லாதவர் பஃபேயில் நிம்மதியாகச் சாப்பிடலாம். அவருக்கும் சோறு உண்டு. உடுத்த ஆசைப்படுகிறவரை ஏன் கேலி செய்ய வேண்டும்?

கேலிக்கு வந்துவிட்டேன். "போடுறவர் யாரு, சாப்பிடுறவர் யாருன்னே தெரியலை."

தோழரே, அந்த வாக்கியத்தை இன்னொரு தடவை சொல்லிப் பாருங்கள். மெதுவாக. தெரியாவிட்டால் என்ன குறைந்துவிட்டது? சாப்பாடு போடுகிறவர் மாதிரி தெரிவது அவமானமா?

அவர் யார் என்று சொல்கிறேன். நெஞ்சில் பெயர்ப்பட்டை குத்தியிருப்பார், பல கப்பல்களில் பெயருக்குக் கீழே அவருடைய நாடும் இருக்கும். ஒப்பந்தம் பெரும்பாலும் ஆறு மாதத்திலிருந்து ஒன்பது மாதம். வார விடுமுறை என்று ஒரு நாள் கிடையாது. 2006-ஆம் ஆண்டின் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை கப்பலில் வேலை செய்கிறவருக்கு வகுத்த குறைந்தபட்ச ஓய்வு 24 மணி நேரத்தில் 10 மணி, ஏழு நாளில் 77 மணி. தூக்கமும் குளியலும் வீட்டுக்குப் பேசுவதும் அதற்குள்ளேதான். காலையில் பலகாரம், மதியம் சாப்பாடு, இரவு விருந்து என்று மறுபடி மறுபடி நிற்கிறார். ஒவ்வொரு முறையும் சட்டை சுளிவில்லாமல், காலர் பொத்தான் போட்டு, தலை வாரி. ஒரே மேஜைக்கு நீங்கள் தினமும் வந்தால், உங்களுக்குத் தண்ணீரில் ஐஸ் வேண்டாம் என்பதை இரண்டாம் நாளே மனத்தில் வைத்திருப்பார். உங்கள் அம்மாவுக்கு உப்பு குறைவாக வேண்டும் என்பதையும்.

அவருடைய மகளின் பிறந்தநாள் அன்றும் அவர் உங்கள் மேஜைக்குத்தான் கேக் கொண்டுவந்து பாடுவார்.

அந்த மனிதர் நமக்காகத் தினமும் உடுத்துகிறார் ஐயா. ஏழு ராத்திரியில் இரண்டு ராத்திரி அவருக்காக நாம் உடுத்தக் கூடாதா? கோட்டு போட்டுக்கொண்டு கூடத்துக்குள் நுழையும்போது அவர் முகத்தைப் பாருங்கள். "ரொம்ப நல்லா இருக்கீங்க" என்று அவர் சொல்வார். நீங்களும் திருப்பிச் சொல்லுங்கள், அவர் பெயரைச் சேர்த்துச் சொல்லுங்கள். அந்த நேரத்தில் உங்கள் போ டை கோணலாக இருந்தால் அவர் கை நீளும், அவருடையது கோணலாக இருந்தால் நீங்கள் சொல்வீர்கள். யார் போடுகிறவர், யார் சாப்பிடுகிறவர்? தோழர் சொன்னது சரிதான், தெரியாது.

விருந்து முடிகிறது. நீங்கள் கேபினுக்கு வந்து கோட்டைக் காந்தக் கொக்கியில் மாட்டுகிறீர்கள். கீழே எத்தனையோ தளம் தாண்டி, ஜன்னல் இல்லாத ஓர் அறையில் அவரும் தன் கோட்டை மாட்டுகிறார். பெயர்ப்பட்டையைக் கழற்றித் துடைத்து, நாளைக்குப் போடப்போகிற சட்டையில் இப்போதே குத்தி வைக்கிறார்.