மேடு ஏற மறுக்கும் மைனர்

வணக்கம், நேயர்களே. பழைய கார்களைப் புதுப்பிக்கும் வேலையைப் பற்றிப் பேச வேண்டும் என்று நிலையத்தார் கேட்டார்கள். பெயின்ட், குரோமியம், சீட் தையல் எல்லாம் கண்ணுக்குத் தெரிகிற வேலை. வேலை தெரிந்த நல்ல பாஸ் ஒருவர் கிடைத்து, கையில் காசும் இருந்தால் நடந்துவிடும். நான் பேச ஆசைப்படுவது அதற்கு அடுத்த கட்டம். எல்லா வேலையும் முடிந்து கார் கராஜ் வாசலில் மாப்பிள்ளைக் கோலத்தில் நிற்கிறது. சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட் ஆகிறது. டவுனுக்குள் சமதரையில் அழகாக ஓடுகிறது. மேட்டில் ஏற்றினால் பாதி வழியில் இருமி, முக்கி, நின்றுவிடுகிறது. கொஞ்ச நேரம் விட்டால் மறுபடி ஓடுகிறது. இந்த நோய்தான் மனுசனைச் சாகடிக்கிற நோய். அடியோடு ஸ்டார்ட் ஆகாத இன்ஜின் நல்ல இன்ஜின், கோளாறை மறைக்காமல் காட்டிவிடும். இப்படி நின்று நின்று ஓடுவதுதான் ஆளை அலைக்கழிக்கும்.

நம்ம மலைநாட்டில் பழைய கார் என்றால் முதலில் வாயில் வருவது மொரிஸ் மைனர். 1948இல் லண்டன் கண்காட்சியில் வெளிவந்த கார். பின்னால் மினியை வடித்த அலெக் இசிகோனிஸ்தான் இதையும் வடித்தவர். பதினாறு லட்சத்துக்கும் மேல் செய்தார்கள். அதில் நம்ம பக்கம் வந்தவை தோட்டத்து டிஸ்பென்சர், பெரிய கிளாக்கர், தேயிலை பக்டரி டீ மேக்கர், பாடசாலை அதிபர் என்று கைமாறிக் கைமாறி, இன்றைக்கும் பழைய சிறீ நம்பரோடு ஏதாவதொரு லயத்துக் கோடியிலோ பங்களாக் கொட்டகையிலோ தார்ப்பாய்க்குள் கிடக்கின்றன. 2020இல் வாகன இறக்குமதியை நிறுத்தினார்களே, அதிலிருந்து இவற்றைத் தேடுகிறவர்களும் கூடிப்போனார்கள். நல்லதுதான். கிடந்து துருப்பிடிப்பதைவிட ஓடட்டும்.

இப்போது ஒரு காரின் கதையைச் சொல்கிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக் கேளுங்கள். நான் சொல்ல வந்தது முழுக்க இதற்குள்தான் இருக்கிறது.

ஹட்டனுக்குப் பக்கத்துத் தோட்டமொன்றில் டீ மேக்கராக இருந்தவருடைய கார். 1,098 சீசீ இன்ஜின், மைனரில் கடைசியாக வந்த பெரிய இன்ஜின். அவர் காலமான பிறகு மகன் ஆசை ஆசையாகப் புதுப்பித்தார். இன்ஜினை இறக்கி ஓவர்ஹோல் செய்து, வயரிங் மாற்றி, உடம்புக்குப் பச்சை பெயின்ட் அடித்து, கைபிடியிலிருந்து பெற்றோல் மூடி வரைக்கும் புதுசாகப் போட்டிருந்தார். நேயர்களே, அந்த மூடியை மட்டும் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

அம்மாவை முன் சீட்டில் ஏற்றிக்கொண்டு நுவரெலியாவுக்குப் போவார். கொட்டகலை தாண்டும், தலவாக்கலை தாண்டும். லிந்துலைக்கு மேலே, றாதெல்லப் பக்கம் ஏற ஏற இழுவை குறைந்து நின்றுவிடும். இறங்குவார், பொனட்டைத் திறப்பார், ஆற விடுவார். பிறகு ஸ்டார்ட் செய்தால் ஒன்றுமே நடக்காத மாதிரி ஓடும். கினிகத்தேனைப் பக்கம் இறக்கத்தில் போனால் ஒரு தொந்தரவும் இல்லை.

ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். பிளக்குக்கு மின்சாரம் அனுப்புகிற கொயில் சூடேறி ஸ்பார்க் போகிறது என்றார் ஒருவர், கொயில் மாற்றியாயிற்று. அதே ஸ்பார்க் பக்கத்துக் கொண்டென்சர் என்றார் இன்னொருவர், அதுவும் மாற்றியாயிற்று. பெற்றோலையும் காற்றையும் கலக்கிற காபரேட்டரைக் கழற்றிக் கழுவி, புது கிட் போட்டாயிற்று. பெற்றோல் லைனில் கொதிக்கிறது, பம்பில் ஈரத்துணி சுற்று என்றார்கள், சுற்றினார். கடைசியில் பம்பையே மாற்றினார். கார் அதே வளைவில் நின்றது. யாரையும் குறை சொல்ல மாட்டேன். ஒவ்வொரு யோசனையும் தனியே பார்த்தால் நியாயமானது. ஆனால், எந்த நேரத்தில், எந்த நிலையில் நிற்கிறது என்று காரையும் ஓட்டினவரையும் உட்கார வைத்து யாரும் விசாரிக்கவில்லை.

நான் போன அன்று அந்த அம்மா தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டு, கொஞ்சம் தயங்கி நின்று சொன்னார்: "தம்பி, நான் ஒண்ணு சொல்றேன், தப்பா நெனைக்காதீங்க. கியூஆர் காலத்துல கொஞ்சம் கொஞ்சமா பெற்றோல் அடிச்சு ஓட்டுனப்ப இந்தக் காரு ஒரு நாளும் நிக்கலயே. இப்ப டேங்க் நெறைய அடிச்சுட்டுக் கெளம்புனாத்தான் நிக்குது."

2022 ஞாபகம் இருக்கிறதல்லவா? பெற்றோல் தட்டுப்பாட்டில் கியூஆர் கோட் பார்த்து, காருக்கு வாரத்துக்கு 20 லீற்றர் என்று அளந்து தந்த காலம். இந்தக் காரின் டேங்க் ஆறரை கலன், கிட்டத்தட்ட 29 லீற்றர் பிடிக்கும். அப்போது அது நிறைந்ததே இல்லை. மகன் இதைக் கேட்டுவிட்டு, "அப்ப ஷெட்டுல அடிக்கிற பெற்றோல்லதான் கலப்படம்ண்ணே" என்றார். எனக்கு வேறு சந்தேகம். "தம்பி, கார் நின்றதும் நீங்கள் முதலில் என்ன செய்வீர்கள்?" என்று கேட்டேன். "பெற்றோல் மீட்டரை நம்ப முடியாதுண்ணே. மூடியைத் திறந்து, உள்ள இருக்கான்னு குச்சி விட்டுப் பாப்பேன். பிறகு ஆற விடுவேன்" என்றார்.

அங்கேதான் விடை இருந்தது. உடனே அம்மாவும் சேர்ந்து மூவரும் கிளம்பினோம். டேங்க் நிறையப் பெற்றோலோடு றாதெல்ல ஏற்றத்துக்குப் போனோம், நின்றது. மகன் மூடிப் பக்கம் போகப் போனார், தடுத்தேன். முதலில் பொனட்டைத் திறந்து பம்பைத் தொட்டுப் பார்த்தேன். இந்தக் காரில் எஸ்யூ கம்பெனியின் மின்சாரப் பெற்றோல் பம்ப், இன்ஜினுக்குப் பின்னால் தகட்டில் பூட்டியிருக்கும். சாவி போட்டால் டிக் டிக் என்று சத்தம் போடும். காபரேட்டர் நிறைந்ததும் அமைதியாகிவிடும். எங்கேயோ காற்றை உறிஞ்சுகிறது என்றால் நிறுத்தாமல் படபடவென்று அடிக்கும். இங்கே சத்தமே இல்லை, பம்ப் உடம்போ கை வைக்க முடியாத சூடு. அப்படியென்றால் அது இழுக்கப் பார்க்கிறது, இழுக்க வரவில்லை. உள்ளே வருகிற பக்கம் அடைபட்டிருக்கிறது. பிறகு பின்பக்கம் போய் மூடியை மெதுவாகத் திருகினேன். "ஸ்ஸ்ஸ்" என்று காற்று உள்ளே போனது, மூவருக்கும் கேட்டது. உடனே முன்னால் பம்ப் டிக் டிக் என்று அடிக்க ஆரம்பித்தது. ஆற விடவே இல்லை, சாவியைத் திருப்பினோம், ஓடியது. மூடியைத் தளர்வாக வைத்துக்கொண்டு அந்த ஏற்றம் முழுக்க ஏறி, நானுஓயா தாண்டிப் போனோம்.

விசயம் சின்னது. பழைய மூடியில் காற்று போக ஒரு துவாரம் இருந்தது. புது மூடி வேறு ஏதோ காருக்குச் செய்தது, துவாரம் இல்லை. டின் பாலில் ஒரே ஓட்டை போட்டால் பால் வராது, எதிர்ப்பக்கம் இன்னொரு ஓட்டை போட வேண்டும் என்று நம்ம வீட்டுக் குழந்தைக்கும் தெரியும். அதே கதைதான். டேங்க் நிறைந்திருந்தால் உள்ளே காற்றுக்கு இடம் கொஞ்சம், அதனால் சீக்கிரமே வெற்றிடம் பிடித்துக்கொள்ளும். பாதி டேங்கில் காற்று நிறைய இருக்கும், பயணமே முடிந்துவிடும், கோளாறு தெரியாது. மேட்டில் ஏறும்போது டேங்க் பின்னால் தாழ்ந்து, பம்ப் முன்னால் உயர்ந்து, இழுக்க வேண்டிய உயரம் கூடுகிறது. இன்ஜினும் அதிகம் குடிக்கிறது. இறக்கத்தில் இரண்டும் இல்லை. கொழும்பில் ஓடுகிற கார் இந்தக் கோளாறைக் காட்டாமலேயே இருந்திருக்கும்.

இதில் நான் திரும்பத் திரும்பச் சொல்ல விரும்புவது ஒன்று. கார் நின்றதும் அவர் இரண்டு காரியம் செய்தார்: மூடியைத் திறந்தார், ஆற விட்டார். குணப்படுத்தியது மூடி. பெயர் வாங்கியது ஆற விட்டது. அதனால்தான் எல்லோரும் சூட்டின் பின்னாலேயே ஓடினார்கள். ஒரு நேரத்தில் ஒன்று மட்டும் செய்யுங்கள், நேயர்களே. கொயிலை மாற்றினால் கொயிலை மட்டும் மாற்றி, அதே மேட்டில், அதே அளவு பெற்றோலோடு ஓட்டிப் பாருங்கள். ஒரு கொப்பியில் எழுதுங்கள்: ஏற்றமா இறக்கமா, மழையா வெயிலா, டேங்கில் எவ்வளவு, நிற்கும் முன் துள்ளியதா, சட்டென்று அணைந்ததா. சட்டென்று சுவிட்ச் போட்ட மாதிரி அணைந்தால் பெரும்பாலும் மின்சாரம். முக்கி முனகி, இழுவை குறைந்து நின்றால் பெரும்பாலும் பெற்றோல். இதை அறிய ஒரு சாமானும் வாங்கத் தேவையில்லை. கூட வருகிறவர்களையும் கேளுங்கள், முக்கியமாக நெடுங்காலமாக அந்தச் சீட்டில் உட்கார்ந்து வந்தவர்களை.

இன்னொன்று. புதுச் சாமான் என்பதால் அதைச் சந்தேகப் பட்டியலிலிருந்து எடுத்துவிடாதீர்கள். இப்போது கடையில் கிடைக்கிற கொண்டென்சர்களில் சில, பூட்டிச் சூடேறியதுமே போய்விடுகின்றன. கழற்றிய பழையதை எறியாமல் ஒரு டின்னில் போட்டு வையுங்கள்; சந்தேகம் வந்தால் மறுபடி பூட்டிப் பார்க்கலாம்.

உயரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர். அங்கே காற்றழுத்தம் கொழும்பில் இருப்பதில் ஏறக்குறைய ஐந்தில் நாலு பங்குதான். நுவரெலியாக் குசினியில் பருப்பு வேகத் தாமதமாவது உங்களுக்குத் தெரியும். காற்று மெலியும்போது காபரேட்டர் பழைய அளவிலேயே பெற்றோல் கொடுத்தால் கலவை தடித்துப்போகும். ஏப்ரல் சீசனுக்கு, மஹகஸ்தோட்ட மலையேற்றக் கார்ப் போட்டி பார்க்க, கீழேயிருந்து பழைய கார்களில் ஏறி வருகிறவர்கள் "இழுவையே இல்லை, கறுப்புப் புகை வருகிறது" என்று சொல்வது இதனால்தான். பிளக்கைக் கழற்றிப் பாருங்கள், கரி பிடித்திருக்கும். எஸ்யூ காபரேட்டரில் இதைச் சோதிக்க சுலபமான வழி உண்டு. இன்ஜின் நல்ல சூட்டில் ஓடிக்கொண்டிருக்கும்போது, பக்கத்தில் இருக்கிற சின்ன ஊசியால் உள்ளே இருக்கும் பிஸ்டனை ஒரு மயிரிழை தூக்குங்கள். ஓட்டம் கூடி, கூடியபடியே நின்றால் கலவை தடிப்பு. அணையப் பார்த்தால் மெலிவு. இலேசாகக் கூடி மறுபடி பழையபடி வந்தால் சரி. அடியில் இருக்கும் நட்டை மேலே திருகினால் மெலியும், கீழே இறக்கினால் தடிக்கும். ஒரு தடவைக்கு நட்டின் ஒரு முகம் மட்டும், அதாவது ஆறில் ஒரு பங்குச் சுற்று. மேலேயே குடியிருக்கிற காருக்கு ஒரு முறை சரிபார்த்தால் போதும். கண்டிக்கும் நுவரெலியாவுக்குமாக ஏறி இறங்குகிற காருக்கு நடுவாக ஓர் அளவு வையுங்கள், ஆனால் மெலிவின் பக்கம் அதிகம் போகாதீர்கள். மெலிந்தால் இன்ஜின் சூடாகும், வால்வ் கருகும்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள், நேரம் நெருங்கிவிட்டதாம். பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கிற டிஸ்றிபியூட்டரைப் பற்றி நிறைய வைத்திருந்தேன். கொஞ்சம் படம் வரைந்து காட்ட வேண்டியதும்கூட, ஆகையால் அவசியமானதை மட்டும் சொல்கிறேன். பனி மூட்டக் காலையில் ஸ்டார்ட் ஆகவில்லையென்றால், பெட்டரியைச் சாகடிக்கும் முன் டிஸ்றிபியூட்டர் மூடியைக் கழற்றி உள்பக்கத்தைக் காய்ந்த துணியால் துடையுங்கள். பிளக் வயர்களையும் துடையுங்கள். அதற்குள் இருக்கும் பொயின்ட் இடைவெளி 15 தௌ, அதாவது ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் 15 பங்கு. சிலிண்டர்கள் வெடிக்கும் வரிசை ஒன்று, மூன்று, நாலு, இரண்டு. மைனர் தொழிற்சாலையிலிருந்து வந்தபோது பெட்டரியின் பொசிட்டிவ்தான் உடம்பில் பூட்டியிருக்கும், இன்றைய கார்களுக்கு நேர் எதிர். யாராவது மாற்றியிருக்கிறார்களா என்று பார்த்துவிட்டுத்தான் பெட்டரி பூட்ட வேண்டும்.

கடைசியாக, இன்ஜினின் மேல்பகுதியான ஹெட்டை இறக்கி வைத்திருக்கிறவர்களுக்கு ஒன்று. நம்ம நாட்டில் ஈயம் கலந்த பெற்றோல் 2002இல் நின்றுபோனது. இந்த இன்ஜின்களின் வால்வ் இருக்கைகள் அந்த ஈயத்தை நம்பிச் செய்தவை. ஈயம் இல்லாமல் மேட்டில் நெடுநேரம் இழுத்தால் இருக்கை தேய்ந்து வால்வ் உள்ளே இறங்கும், வால்வைத் தள்ளுகிற இடத்தில் விடும் டெப்பட் இடைவெளி தானாகக் குறையும். இன்ஜின் ஆறியிருக்கும்போது 12 தௌ இருக்க வேண்டும். அடிக்கடி குறைகிறது என்றால் அதுதான் காரணம். எப்படியும் ஹெட் கராஜுக்குப் போகிறது, அதே கையோடு எக்ஸோஸ்ட் பக்கத்து நாலு வால்வுக்கும் கடினமான இருக்கை வளையங்கள் போடச் சொல்லிவிடுங்கள். நன்றி, வணக்கம்.