ராத்திரி யார் பார்ப்பது?

அவையிலுள்ள எல்லோருக்கும் வணக்கம். ஆராய்ச்சிக்கூட விலங்குகளும் அறமும் என்று எனக்குத் தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். அறத்துக்கு முன்னால் ஒரு தண்ணீர் பாட்டிலைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

சுண்டெலிக் கூண்டின் கம்பி மூடியில் ஒரு பாட்டில் தலைகீழாகச் சாய்ந்திருக்கும். அதன் எஃகுக் குழாயை எலி நக்கினால் ஒரு சொட்டு வரும். புதிதாக வேலைக்கு வந்தவர் எந்தப் பாட்டில் காலியாக இருக்கிறது என்று பார்த்துக்கொண்டு போவார். அனுபவசாலியோ நிறைந்திருக்கும் பாட்டிலைப் பார்த்து நின்றுவிடுவார். நேற்று மாலை இருந்த மட்டத்திலேயே இன்று காலையும் தண்ணீர் இருக்கிறதென்றால் குழாய் அடைத்திருக்கிறது. அதன் கீழே ஐந்து எலிகள் ராத்திரி முழுக்க வறண்ட குழாயை நக்கியபடி தாகத்தோடு கிடந்திருக்கின்றன.

நான் கால்நடை மருத்துவன். என் பணிக்காலத்தில் பெரும்பகுதி, ஆராய்ச்சிக்கான விலங்குகளை வளர்த்துப் பராமரிக்கும் அனிமல் ஹவுஸில்தான் கழிந்தது. அதனால் எனக்கு அறம் என்றால் முதலில் அந்தப் பாட்டில்தான் நினைவுக்கு வருகிறது.

விலங்குகளை ஏன் ஆராய்ச்சிக்கு எடுக்க வேண்டும் என்ற கேள்வியைத் தாண்டிப் போக எனக்கு விருப்பமில்லை. இங்கே நாற்பது வயதைக் கடந்தவர்களுக்கு நாய்க்கடி என்றாலே தொப்புளைச் சுற்றிப் போட்ட ஊசிதான் ஞாபகம் வரும். அந்த மருந்து எங்கிருந்து வந்தது தெரியுமா? ஆட்டின் மூளையிலிருந்து. உயிரோடு இருக்கும் ஆட்டுக்கு வெறிநோய்க் கிருமியைச் செலுத்தி, நோய் முற்றியபின் மூளையை எடுத்து அரைத்து, ஃபீனால் கலந்து கிருமியைச் செயலிழக்க வைத்துத் தயாரித்தார்கள். 1911-இல் இமயமலை அடிவாரத்துக் கசௌலியில் டேவிட் செம்பிள் என்ற மருத்துவர் உருவாக்கிய முறை அது. எத்தனையோ பேரைக் காப்பாற்றியது. போட்டுக்கொண்டவர்களில் சிலருக்கு நரம்புத் தளர்ச்சியையும் வாதத்தையும் கொடுத்தது. இன்றைக்கு ஆய்வுக்கூடத்தில் வளர்த்த செல்களில் தயாராகும் தடுப்பூசி வந்துவிட்டது. தோளில் நாலைந்து ஊசியோடு முடிந்துவிடுகிறது. ஆட்டின் மூளையும் வேண்டாம், தொப்புளும் வேண்டாம். விலங்குக்கு மாற்று தேடினால் மருந்தின் தரம் குறைந்துவிடும் என்று பயப்படுகிறவர்களுக்கு நான் எப்போதும் இந்த ஊசியைத்தான் சொல்வேன்.

வெறிநோய்த் தடுப்பூசி என்றால் குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தைச் சொல்லாமல் முடியாது. ஆனால் நான் குன்னூரை நினைப்பதற்கு வேறொரு காரணம் இருக்கிறது. 1918-இல் அங்கேதான் ராபர்ட் மெக்காரிசன் என்ற மருத்துவர், வைட்டமின் பி1 குறைவால் வரும் பெரிபெரி நோயைப் பற்றிய ஆய்வைத் தொடங்கினார். இன்று ஹைதராபாதில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் அந்தச் சின்ன ஆய்விலிருந்து வளர்ந்தது. இந்தியாவின் பல பகுதி மக்கள் சாப்பிடும் உணவைத் தனித்தனிக் கூட்டமாக எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார் அவர். பஞ்சாபின் சீக்கியர் உணவு தின்ற எலிகள் கொழுகொழுவென்று வளர்ந்தன. அரிசியே பிரதானமான நம் மதராஸ் உணவு தின்றவை எடையில் கடைசியில் நின்றன. இதைப் பலரும் கேள்விப்பட்டிருப்பீர்கள்.

அவ்வளவாகக் கேள்விப்படாத ஒன்றைச் சொல்கிறேன். ஒப்பிட்டுப் பார்க்க வேண்டுமென்றால் நோயில்லாத எலிகள் கைவசம் இருக்க வேண்டும் அல்லவா? அதற்காக ஆயிரத்துக்கும் மேற்பட்ட எலிகளைத் தனியாக வளர்த்தார். அவற்றுக்கு வெண்ணெய் தடவிய சப்பாத்தி, முளைகட்டிய கடலை, பச்சைக் காய்கறி, பால், வாரம் ஒருமுறை எலும்போடு கொஞ்சம் இறைச்சி, வேண்டிய மட்டும் தண்ணீர். கூண்டைச் சுத்தமாக வைத்திருந்தார்கள். காற்றும் வெயிலும் படவிட்டார்கள். இரண்டேகால் வருஷம் அந்தக் கூட்டத்தில் ஒரு எலிக்கும் நோய் வரவில்லை, வளர்ந்த எலிகளில் ஒன்றுகூட இயற்கையாகச் சாகவில்லை என்று அவர் எழுதிவைத்திருக்கிறார். ஏசி இல்லாத காலம். ஆண்டிபயாட்டிக் இல்லாத காலம். அத்தனை எலிக்கும் தினம் தினம் கூண்டு கழுவி, தீனி வைத்து, வெயிலில் காட்டிய கைகள் யாருடையவை? அந்தப் பெயர்கள் எந்தக் கட்டுரையிலும் என் கண்ணில் படவில்லை. எனக்கு அது ஆறாத வருத்தம்.

இனி சட்டம். கலாக்ஷேத்ரா ருக்மிணி தேவியை நடனத்துக்காகத்தான் நாம் நினைக்கிறோம். மாநிலங்களவை உறுப்பினராக இருந்தபோது, 1953-இல், விலங்குவதைக்கு எதிராகத் தனிநபர் மசோதா கொண்டுவந்தவரும் அவர்தான். அரசே சட்டம் இயற்றும் என்று நேரு உறுதி சொன்னபிறகு அதைத் திரும்பப் பெற்றார். அப்படித்தான் 1960-ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டம் வந்தது. அந்தச் சட்டம் ஆராய்ச்சியைத் தடை செய்யவில்லை. வலி தெரியாமல் மயக்க மருந்து கொடு, சின்ன விலங்கு போதுமென்றால் பெரிய விலங்கைத் தொடாதே, வெறும் கைப்பழக்கத்துக்காக அறுக்காதே, புத்தகமும் மாதிரியும் படமும் போதுமென்றால் கல்லூரியில் விலங்கைத் தவிர்த்துவிடு என்கிறது. இதெல்லாம் 1960-லேயே எழுதிய வரிகள். ஆனாலும் நான் கல்லூரிக்குப் போனபோது மெழுகுத் தட்டில் தவளையை மல்லாத்தி நாலு காலிலும் குண்டூசி குத்தித்தான் படித்தேன். எங்களுக்குப் பின்னால் வந்த எத்தனையோ வகுப்புகளும் அப்படியே படித்தன. விலங்கியல் வகுப்பில் அறுப்பதைப் பல்கலைக்கழக மானியக் குழு முழுதாக நிறுத்தியது 2014-இல். நடுவே 54 வருஷம். எத்தனை தவளைகள் என்று யாராலும் எண்ணிச் சொல்ல முடியாது.

அந்தச் சட்டத்தின்படி 1964-இல் விலங்குச் சோதனைகளுக்கான மத்தியக் கண்காணிப்புக் குழு அமைந்தது. 1998-இல் விதிகள் வந்தன. இன்று விலங்கை வைத்து ஆராய்ச்சி செய்யும் நிறுவனம் பதிவு செய்திருக்க வேண்டும், அங்கே ஓர் அறநெறிக் குழு இருக்க வேண்டும், அந்தக் குழுவில் மத்தியக் குழு நியமித்த வெளியாட்களும் உட்கார வேண்டும். ஃபார்ம் பி என்ற விண்ணப்பத்தில் ஏன் இந்த விலங்கு, ஏன் இத்தனை, வலியை எப்படித் தணிப்பாய், கடைசியில் என்ன செய்வாய் என்றெல்லாம் ஆராய்ச்சியாளர் பதில் எழுத வேண்டும். சோதனை முடிந்தபின் விலங்கைப் பராமரிக்கும் செலவும் ஆராய்ச்சிச் செலவில் சேர்த்திதான். நல்ல விதிகள். நான் அவற்றோடு சண்டை போட வரவில்லை.

ஆனால் அறநெறிக் குழு கூடுவது சில மாதங்களுக்கு ஒருமுறை. எலி கூண்டில் இருப்பது எல்லா நாளும்.

பல வருஷங்களுக்கு முன்பு நான் வேலை பார்த்த ஓரிடத்தில், மே மாதத்துச் சனிக்கிழமை ராத்திரி கரண்ட் போயிற்று. திரும்பி வந்தபோது ஏசி தானாக ஓடவில்லை. ஞாயிற்றுக்கிழமை முறைப்பணியில் யாருமே இல்லை. திங்கள் காலை நான்தான் கதவைத் திறந்தேன். வெக்கை முகத்தில் அடித்தது. சுண்டெலிகள் தூங்கும்போது ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்து கிடக்கும். அன்றைக்கு ஒவ்வொன்றும் தனித்தனியே வயிற்றைத் தரையோடு ஒட்டிப் பரப்பிக் கிடந்தது. ரோமமெல்லாம் நனைந்திருந்தது. எலிக்கு நம்மைப் போல வியர்க்காது. சூடு தாங்காமல் எச்சிலை உடம்பெல்லாம் பூசிக்கொண்டிருக்கின்றன. குட்டி போட்டிருந்த கூண்டுகளைப் பற்றி நான் சொல்லவில்லை. சுவரில் ஒட்டிய தாளில் அறை வெப்பம் 22 டிகிரி என்று வெள்ளிக்கிழமை கையெழுத்து அப்படியே இருந்தது. பொறுப்பில் நானும் இருந்தேன்.

அந்த 22 டிகிரியும் யாருக்கான சுகம் என்று யோசித்ததுண்டா? கோட்டும் முகக்கவசமும் போட்டு வேலை செய்யும் நமக்கான சுகம். சுண்டெலிக்குப் பிடித்த வெப்பம் ஏறக்குறைய 30. நம் அறையில் அது குளிரோடு மல்லுக்கட்டித்தான் வாழ்கிறது. இரண்டு டிஷ்யூ தாளைக் கூண்டில் போட்டுப் பாருங்கள். காலையில் அதை நார் நாராகக் கிழித்து, கிண்ணம் போலக் கூடு கட்டி, உள்ளே முதுகு மட்டும் தெரியச் சுருண்டிருக்கும். நெல் உமி மட்டும் பரப்பிய கூண்டில் அதற்கு இந்த வழியே கிடையாது.

தூக்கும் முறையும் அப்படித்தான். வாலைப் பிடித்துத் தூக்கத்தான் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். 2010-இல் லிவர்பூல் பல்கலைக்கழகத்தில் ஜேன் ஹர்ஸ்ட்டும் ரெபெக்கா வெஸ்ட்டும் சோதித்துப் பார்த்தார்கள். வாலைப் பிடித்துத் தூக்கிய எலி பயந்து ஒதுங்குகிறது; ஒரு குழாய்க்குள் நுழையவிட்டோ குவித்த உள்ளங்கையிலோ எடுத்த எலி கையைத் தேடித் தானே வருகிறது. பயத்தில் இருக்கும் எலியிடம் அளந்த எண் பயத்தையும் சேர்த்து அளந்த எண். அதே ஆண்டு கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி மோகிலின் குழு, வலிக்கும்போது சுண்டெலியின் முகம் எப்படி மாறும் என்று படம் பிடித்துத் தரப்படுத்தியது. கண் இடுங்கும், மூக்கும் கன்னமும் புடைக்கும், காது பின்னால் போகும். இரையாகிப் பழகிய பிராணி வலியை மறைத்துக்கொள்ளும். நின்று பார்க்கிறவருக்குத்தான் அது தெரியும்.

எங்கள் பராமரிப்பாளர் ஒருவர் அப்படி நின்று பார்க்கிறவர். என்னைவிட மூத்தவர், அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். கினிப்பன்றி அறைக்குள் நுழையுமுன் கதவை இரண்டு தட்டுத் தட்டுவார். திடுக்கென்று திறந்தால் அவை மிரண்டு ஒன்றையொன்று மிதித்துக்கொண்டு ஓடும். வந்திருப்பது தீனி என்று தெரிந்தால் விசில் அடிக்கும். ஒருமுறை அறநெறிக் குழுக் கூட்டத்துக்கு அவரையும் கூப்பிட வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடித்தேன். கூண்டு எத்தனை காலியாக இருக்கிறது என்று சொல்லத்தான் வந்தார். எலிகளுக்கு அறுவை செய்யும் ஒரு விண்ணப்பம் மேசையில் இருந்தது. அறுவைக்குப் பின் 48 மணி நேரம், ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை கவனிக்கப்படும் என்று எழுதியிருந்ததை நான் வாசித்தேன். அண்ணன் ஓரத்து நாற்காலியிலிருந்து கேட்டார்: "சார், ராத்திரி யார் பாக்குறது?"

யாரிடமும் பதில் இல்லை. விண்ணப்பம் திரும்பிப் போயிற்று. சில வாரம் கழித்து வந்தபோது கூடவே ஒரு தாள் இணைத்திருந்தது. வலி மருந்து கொடுக்கும் நேரங்கள், ஒவ்வொரு நேரத்துக்கும் எதிரே ஒரு பெயர். முதல் நாள் ராத்திரி இரண்டு மணிக்கு நேராக அந்த ஆராய்ச்சியாளர் தன் பெயரையே எழுதியிருந்தார்.