செலுப் டயரும் உள்ளே இருக்கும் உடம்பும்

வணக்கம் நேயர்களே. மலேசியாவில், பினாங்கு மாநிலத்துப் பிறையில் ஒரு டயர் பட்டறையில் 20 வருஷத்துக்கு மேல் வேலை பார்த்தவன் நான். தேய்ந்த பழைய டயருக்கு மேலே புது ரப்பர் ஒட்டிக் கொடுப்பதைத்தான் செலுப் என்போம். வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையில் போகும்போது ஓரமாகப் பாம்புச் சட்டை மாதிரி கறுப்பு ரப்பர் கிடக்குமே, பார்த்த உடனே "செலுப் டயர், அதான் பிய்ந்துவிட்டது" என்று சொல்லிவிடுவார்கள். கேட்டால் எனக்கு மனசு வலிக்கும். காற்றைக் குறைவாக வைத்து, பாரத்தை ஏற்றி, வெயிலில் விரட்டினால் புது டயரும் அப்படித்தான் உரியும்.

தேய்வது மேல் ரப்பர் மட்டும்தான். எஃகுக் கம்பி பின்னிய உடம்பு உள்ளே இருக்கிறது, அதைக் கேசிங் என்போம். அது நன்றாக இருந்தால்தான் செலுப்.

அதனால் பட்டறையில் முதல் வேலை பார்ப்பதுதான். டயரை விரித்துப் பிடித்து, உள்ளே விளக்கை விட்டு, கையால் தடவிக்கொண்டே சுற்றி வருவோம். கண்ணில் படாத ஆணி முனை விரலில் குத்தும். உள் ரப்பர் சுருங்கி நிறம் மாறியிருந்தால் அது காற்றில்லாமல் ஓடிய டயர், கம்பி களைத்துப் போயிருக்கும், எடுக்கவே கூடாது. ஒரு பஸ் முதலாளி, "மேலே நல்லாத்தானே இருக்கு அண்ணே, போட்டுக் கொடுங்க" என்று அரை மணி நேரம் நின்றார். மாட்டேன் என்றேன். கோபித்துக்கொண்டு டயரைத் தூக்கிப் போனார். அந்த பஸ்ஸுக்குள் எத்தனை பேர் உட்கார்ந்து போவார்கள்!

தேறிய டயரின் பழைய ரப்பரைச் சுரண்டி, ஓட்டைகளை அடைத்து, பசை பூசி, மெல்லிய பச்சை ரப்பர் தாளை, அதாவது இன்னும் வேகாத ரப்பரைச் சுற்றுவோம். அதன் மேல் ஏற்கெனவே வெந்த, கோடு போட்ட பட்டையை ஒட்டி, உறை மாட்டி, அழுத்தம் கொடுக்கும் பெரிய அடுப்பில் 100 டிகிரிக்கு மேல் சில மணி நேரம் வைப்போம். அங்கே வேகுவது நடுவில் இருக்கும் அந்தப் பச்சை ரப்பர்தான், அதுதான் இரண்டையும் ஒன்றாகப் பிடிக்கிறது. லோரி டயரில் பால்மர ரப்பர் நிறைய சேரும், நம் தோட்டத்து ஆட்கள் வெட்டிய பாலும் இப்படித்தான் டயராக ஓடியது. விமான டயர்களையே பல முறை இப்படிப் புதுப்பிக்கிறார்கள் என்றால் பாருங்களேன்.

லோரி வைத்திருக்கும் தம்பிகளுக்கு ஒன்று. காலையில் வண்டி சூடாவதற்கு முன் கேஜ் வைத்துக் காற்றைப் பாருங்கள், அதுவும் இரட்டைச் சக்கரத்தில் உள்பக்கம் இருப்பதை, குனிய வேண்டுமே என்று எல்லோரும் அதைத்தான் விட்டுவிடுகிறார்கள். செலுப் வாங்கினால் பக்கவாட்டில் கேசிங்கின் நான்கு எண்ணைத் தேடுங்கள்: 2319 என்றால் 2019-இன் 23-ஆவது வாரம் செய்தது.