தோளில் பன்னிரண்டு பெயர், நெஞ்சில் பன்னிரண்டு பெயர்

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். "ஆரோனின் ஆசாரிய உடைகள் உணர்த்துவது மகிமையையா, சுமையையா?" என்பது இன்றைய தலைப்பு. ஆரோன், மோசேயின் அண்ணன், இஸ்ரவேலரின் முதல் பிரதான ஆசாரியர். சுமையையே என்ற அணிக்காக வந்து நிற்கிறேன்.

எதிரணியின் வாதத்தைக் குறைக்காமல் முதலில் வைத்துவிடுகிறேன். அந்த உடைகளை விவரிக்கும் வேதாகமப் பகுதியான யாத்திராகமம் 28ஆம் அதிகாரத்தின் 2ஆம் வசனமே "மகிமையும் அலங்காரமும்" என்று நோக்கத்தைச் சொல்லிவிட்டது என்றார்கள். பொன்னும் இளநீலமும் இரத்தாம்பரமும் சிவப்பும் அரசனுக்குரிய நிறங்கள் என்றார்கள். முதல் நூற்றாண்டு யூத வரலாற்றாசிரியர் யோசேப்பஸ் ஆசாரியனின் நீல அங்கியை வானமாகவும், மாதுளைகளை மின்னலாகவும், மணிகளை இடியாகவும், தோளிலிருந்த இரண்டு கற்களைச் சூரிய சந்திரராகவும் வாசித்ததை எடுத்துக்காட்டினார்கள். நல்ல வாதம். ஆனால் யோசேப்பஸ் சூரியனையும் சந்திரனையும் கண்ட அந்தக் கற்களில் எதை வெட்டச் சொன்னது வேதம்? இஸ்ரவேலின் குமாரர் பன்னிருவரின் பெயர்களை. ஒரு கல்லில் 6, இன்னொரு கல்லில் 6, பிறந்த வரிசைப்படி, முத்திரை வெட்டுவதுபோல. அந்தப் பெயர்களை ஆரோன் என்ன செய்ய வேண்டும்? 12ஆம் வசனத்தில் பதில் இருக்கிறது: இரண்டு தோள்களிலும் சுமக்க வேண்டும்.

"நாசா" என்ற எபிரெய வினைச்சொல்லைக் கவனியுங்கள். தூக்குதல், சுமத்தல் என்று பொருள். 12ஆம் வசனத்தில் பெயர்களைத் தோளில் சுமக்கிறார். 29இல் அதே பெயர்களை இருதயத்தின்மேல் சுமக்கிறார். 30இல் ஜனங்களின் நியாயத்தீர்ப்பைச் சுமக்கிறார். 38இல் பரிசுத்த காணிக்கைகளில் ஏற்படும் அக்கிரமத்தைச் சுமக்கிறார். நான்கு இடத்திலும் இதே வினைதான். தமிழுக்கு வரும்போது ஓரிடத்தில் சுமத்தல், ஓரிடத்தில் தரித்தல் என்று பிரிந்துவிடுவதால் நம் கண்ணுக்குத் தப்பிவிடுகிறது. "தரித்தல்" என்றதும் நகை நினைவுக்கு வருகிறது. மூலத்தில் இருப்பது பாரம் தூக்குகிறவனின் சொல்.

இப்போது மார்ப்பதக்கத்தைக் கொஞ்சம் கிட்டத்தில் வைத்துப் பார்ப்போம். நீளம் ஒரு சாண், அகலம் ஒரு சாண், சதுரம், இரட்டையாக மடித்தது. மடிப்புக்குள், தேவசித்தத்தைக் கேட்டறிய உதவிய ஊரீம், தும்மீம். முகப்பில் நான்கு வரிசை, வரிசைக்கு மூன்று கல், கல்லுக்கு ஒரு பெயர். தோளில் ஆறு ஆறாகக் கூட்டமாய் இருந்தவர்கள் இங்கே ஆளுக்கொரு கல்லாகத் தனித்தனியே நிற்கிறார்கள்.

இது எப்படித் தொங்குகிறது? மேல் மூலைகள் இரண்டிலும் பொன் வளையம். அவற்றிலிருந்து கயிறுபோல் முறுக்கிய பசும்பொன் சங்கிலிகள் மேலே போய், அங்கிக்குமேல் அணியும் ஏபோத் என்ற ஆடையின் தோள்பட்டைகளிலுள்ள பொன் குவளைகளில் மாட்டிக்கொள்கின்றன. அதாவது நெஞ்சிலிருக்கும் கற்களின் எடையையும் தோள்தான் தாங்குகிறது. சங்கிலி மட்டும் இருந்தால் என்ன ஆகும்? ஆசாரியன் குனிகிறபோதெல்லாம் பதக்கம் முன்னால் ஊசலாடும், பெயர்கள் நெஞ்சைவிட்டு விலகும். அதற்காகத்தான் கீழ் ஓரத்தின் உட்புறத்தில் இன்னும் இரண்டு வளையம். அதற்கு நேராக ஏபோத்தில், கச்சைக்குச் சற்று மேலே, இரண்டு வளையம். இவற்றை இளநீல நாடாவால் சேர்த்துக் கட்ட வேண்டும். "பதக்கம் ஏபோத்தைவிட்டு நீங்காதபடிக்கு" என்று 28ஆம் வசனம் காரணத்தையும் சொல்கிறது.

இந்த முடிச்சை அவிழ்ப்பது எவ்வளவு பெரிய குற்றம் என்பதற்கு, ரபிமார் என்னும் யூத வேத அறிஞர்களின் விளக்கத் தொகுப்பான தல்மூத் சாட்சி. அதன் யோமா பகுதியில் ஒரு விதி: பதக்கத்தை ஏபோத்திலிருந்து பிரிப்பவனுக்கும், பத்துக் கட்டளைப் பலகைகள் இருந்த உடன்படிக்கைப் பெட்டியின் தண்டுகளை உருவுபவனுக்கும் கசையடி. இரண்டும் ஒரே மூச்சில் சொல்லப்படுகின்றன. பெட்டியின் தண்டு எதற்கு? தூக்குவதற்கு. பதக்கத்தின் நாடாவை ரபிமார் எந்தப் பொருளோடு சேர்த்து வைத்தார்கள் பாருங்கள்! இதற்குமேல் எனக்கு என்ன சாட்சி வேண்டும்?

தலைப்பாகையில் கட்டிய பொற்பட்டம் கிரீடம்தானே என்று கேட்டார்கள். அதில் "கர்த்தருக்குப் பரிசுத்தம்" என்று வெட்டியிருப்பது உண்மை. எதற்காக? ஜனங்கள் கொண்டுவரும் காணிக்கையில் குறை இருக்கும், தீட்டு பட்டிருக்கும். அந்தக் குற்றம் ஆரோனின் நெற்றிமேல் வரட்டும், அவர்களுக்கு அங்கீகாரம் கிடைக்கட்டும் என்கிறது 38ஆம் வசனம். பிறர் பிழையைத் தன் நெற்றியில் ஏற்பவனின் பட்டம் அது. தல்மூத் எட்டு உடைகளுக்கும் இப்படியே கணக்குச் சொல்கிறது: உள்ளங்கி இரத்தப்பழிக்கு, சல்லடம் என்னும் உள்காற்சட்டை விபசாரத்துக்கு, பாகை அகந்தைக்கு, இடைக்கச்சை மனத்தின் தீய நினைவுக்கு, பதக்கம் கோணலான தீர்ப்புக்கு, ஏபோத்து விக்கிரக வணக்கத்துக்கு, மணி கட்டிய அங்கி புறங்கூறலுக்கு, பட்டம் துணிகரத்துக்குப் பரிகாரம். எட்டில் ஒன்றுகூட அழகுக்கென்று ஒதுக்கப்படவில்லை.

மணிகளுக்கு வருகிறேன். எதிரணி நண்பர் ஒருவர், பிரதான ஆசாரியன் திரைக்கு உள்ளேயிருக்கும் மகா பரிசுத்த ஸ்தலத்துக்குள் போகும்போது காலில் கயிறு கட்டுவார்கள், மணியோசை நின்றால் இழுத்துவிடுவார்கள் என்றார். பிரசங்கங்களில் அடிக்கடி கேட்கிற கதைதான். ஆனால் எபிரெய வேதத்தில் அந்தக் கயிறு இல்லை, தல்மூதுக்கு அடிப்படையான மிஷ்னாவிலும் தல்மூதிலும் இல்லை. இடைக்காலத்தில் வந்த கதை. அதைவிட, அன்று அவர் மேல் மணியே கிடையாது. மணிகள் இருப்பது நீல அங்கியின் தொங்கலில். ஆண்டுக்கு ஒருமுறை வரும் பாவநிவிர்த்தி நாளில் திரைக்கு உள்ளே போகும்போது அந்த அங்கியைக் கழற்றிவிட வேண்டும். லேவியராகமம் 16:4 தரும் உடைகள் நான்கே: சணல்நூல் உள்ளங்கி, சல்லடம், இடைக்கச்சை, பாகை. பொன் ஓர் இழைகூட இல்லை.

மகிமைதான் இந்த உடைகளின் பொருள் என்றால், ஆண்டின் மிக உயர்ந்த நாழிகையில் அது ஏன் கழற்றப்பட்டது? ஜனங்கள் வனாந்தரத்தில் செய்து வணங்கிய பொன் கன்றுக்குட்டியை நினைவூட்டும் பொன் பரிந்து பேச முடியாது, "குற்றஞ்சாட்டுகிறவன் வழக்கறிஞன் ஆக முடியாது" என்றார்கள் ரபிமார்.

"அப்படியானால் பெயர்க்கற்களும் வெளியிலேயே நின்றுவிட்டனவே, சுமையும் கழன்றுவிட்டதே?" என்று எதிரணி கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்வி. பதில் அதே அதிகாரத்தில் இருக்கிறது. ஆசாரியன் உயிருள்ள வெள்ளாட்டுக்கடாவின் தலையில் இரண்டு கைகளையும் வைத்து அக்கிரமங்களை அறிக்கையிடுகிறார். 22ஆம் வசனத்தில் கடா அவற்றைச் சுமந்துகொண்டு வனாந்தரத்துக்குப் போகிறது. அங்கே வரும் வினை எது? "நாசா"! பாரம் காணாமல் போகவில்லை, கை மாறியது.

இனி அந்த "மகிமை" என்ற சொல். 28:2இல் எபிரெயத்தில் நிற்பது "காவோத்". வேர் க-வ-த, கனமாயிருத்தல் என்பது அதன் அடிப்படைப் பொருள். பத்துக் கட்டளையில் தாய் தகப்பனைப் பற்றி வருவதும் இதே வேர்தான். நம் வேதாகமம் அதை எப்படிச் சொல்கிறது? "கனம்பண்ணுவாயாக". கனம் என்றால் மதிப்பு, கனம் என்றால் எடை. தமிழும் எபிரெயமும் இந்த ஒரு சொல்லில் கைகோத்து நிற்கின்றன. எதிரணி தன் முதல் ஆதாரமாக வைத்த வசனமே எங்கள் பக்கம் சாய்கிறது.

நீல அங்கியின் கழுத்துக்குத் திரும்ப வேண்டும். அதைச் சுற்றி நெய்த விளிம்பு வைக்கச் சொல்கிறது 32ஆம் வசனம், கிழியாதபடிக்கு. தையல்காரனின் எச்சரிக்கைபோலத் தோன்றும். லேவியராகமம் 10ஐத் திறந்தால் அதன் வலி தெரியும். ஆரோனின் மகன்கள் நாதாபும் அபியூவும் ஒரே நேரத்தில் இறந்து, உடுத்தியிருந்த அங்கிகளோடே பாளயத்துக்கு வெளியே தூக்கிக்கொண்டு போகப்பட்டார்கள். துக்கத்தில் உடையைக் கிழிப்பது அந்த ஜனங்களின் வழக்கம். ஆரோனுக்கு அதுவும் மறுக்கப்பட்டது. இரண்டு மகன்களைப் பறிகொடுத்த தகப்பன் கிழிக்க முடியாத உடை அது. தகப்பன், தாய் இறந்தாலும் பிரதான ஆசாரியன் உடையைக் கிழிக்கக் கூடாது என்கிறது 21ஆம் அதிகாரம்.

அவர் எப்போது இறக்கி வைத்தார்? எண்ணாகமம் 20:28. ஓர் என்னும் மலையுச்சி. மோசே ஆரோனின் உடைகளைக் கழற்றி, மகன் எலெயாசாருக்கு உடுத்துகிறார். ஆரோன் அங்கேயே இறக்கிறார். கழற்றுவதும் உடுத்துவதும் இறப்பதும் ஒரே வசனத்தில். மலையிலிருந்து இறங்கி வரும்போது எலெயாசாரின் தோளில் ஆறும் ஆறும் பன்னிரண்டு பெயர்.

தீர்ப்பு உங்களுடையது, நடுவர் அவர்களே. நன்றி.