ஒற்றை பிளேடு போதும், நடுவர் அவர்களே!

நடுவர் அவர்களே, உங்களுக்கு நெஞ்சு வரை தாடி. இந்தத் தலைப்புக்கு உங்களை இரண்டு அணியும் மறுபேச்சில்லாமல் ஒப்புக்கொண்டதே அதனால்தான். முகச்சவரத்துக்கு உகந்தது பிரஷ், சோப்பு, ஒற்றை பிளேடு ரேசர் என்கிற பழைய முறையா, டப்பா நுரையும், பல பிளேடை ஒரே தலையில் பதித்த கார்ட்ரிட்ஜும் கொண்ட புதிய முறையா என்பது கேள்வி. நான் பழைய முறைக்காக வந்திருக்கிறேன்.

எனக்கு முன் பேசிய நண்பர் 1971-ல் இரண்டு பிளேடு, 1998-ல் மூன்று, 2003-ல் நான்கு, 2006-ல் ஐந்து என்று அடுக்கி, இதுதான் வளர்ச்சி என்றார். வருடமெல்லாம் சரிதான். ஆனால் முதல் பிளேடு ஒழுங்காக வெட்டியிருந்தால் மற்ற நாலு பேருக்கு அங்கே என்ன வேலை? அந்த ரேசரில் முன்னால் போகிற பிளேடு முடியை வெட்டும்போதே கொஞ்சம் வெளியே இழுக்கும், அது திரும்ப உள்ளே போவதற்குள் பின்னால் வருகிற பிளேடு இன்னும் அடியில் வெட்டிவிடும், மிச்ச நுனி தோலுக்குக் கீழே ஒளிந்துகொள்ளும். அன்றைக்கு வழவழவென்றுதான் இருக்கும், நான் மறுக்கவில்லை. சுருட்டை முடிக்காரர் யாராவது இந்த அரங்கில் இருந்தால் இரண்டு நாள் கழித்துக் கழுத்தைத் தடவிப் பார்க்கட்டும். உள்ளுக்குள்ளேயே வளைந்து வளர்ந்த முடியும் அதன்மேல் சின்னச் சின்னச் சிவப்புக் கொப்புளமும்தான் கைக்குத் தட்டுப்படும்.

பிரஷ் போடுவது நேர விரயம் என்றும் சொன்னார். ஐயா, காய்ந்த தாடி முடி முரட்டு முடி. தண்ணீரை உறிஞ்சினால்தான் இளகும், அதற்கு இரண்டு மூன்று நிமிடம் ஆகும். பிரஷைச் சுழற்றுகிற நேரம் முடி ஊறுகிற நேரம். டப்பாவை அழுத்தினால் நுரை ஒரு நொடியில் வந்துவிடும், முடி ஒரு நொடியில் ஊறாதே!

மக்கள் எல்லாம் புதியதைத்தானே வாங்குகிறார்கள் என்றும் ஒரு கேள்வி வந்தது. ஜில்லெட் கம்பெனி 1903-ல், இந்த ஒற்றை பிளேடு ரேசரின் விற்பனையைத் தொடங்கிய ஆண்டில், விற்றது 51 ரேசர், 168 பிளேடு. தலையை எண்ணித் தீர்ப்புச் சொல்வதென்றால் அன்றைக்கே கடையை மூடியிருக்க வேண்டும்.

சரி, மரத்துக்கு வருகிறேன். இதில்தான் எங்களை ரொம்பக் கிண்டல் செய்தார்கள். ஈரம் சொட்டுகிற குளியலறையில் மரக் கைப்பிடியா, அறிவுள்ளவன் செய்கிற வேலையா என்று கேட்டார்கள். அடி எனக்கும் பட்டிருக்கிறது, மறைக்க மாட்டேன். என் முதல் வால்நட் கைப்பிடி பிரஷை சோப்புக் கிண்ணத்துத் தண்ணீரிலேயே நிற்கவிட்டுப் போவேன், சில மாதத்தில் அடியிலிருந்து வெடித்துவிட்டது. ஊறினால் உப்பும், காய்ந்தால் சுருங்கும், மரத்தின் சுபாவம் அது. தப்பு என்னுடையது. இப்போது நல்ல கைவினைஞர்கள் கடைவதற்கு முன்பே மரத்துக்குள் இருக்கிற காற்றை வெற்றிடத்தில் உறிஞ்சி எடுத்து, அந்த இடத்தில் பிசினை ஏற்றி, சூட்டில் இறுக வைக்கிறார்கள். ஆலிவ், கருங்காலி போன்ற நெருக்கமான மரமென்றால் பலர் எண்ணெயை மெல்லிய பூச்சாகத் திரும்பத் திரும்ப ஏற்றுவதோடு நிறுத்திக்கொள்வார்கள். சோப்புக் கை வழுக்காமலிருக்க இடுப்பு மாதிரி ஒடுக்கிக் கடைந்து, மேலே குழி தோண்டி, முடிக்கற்றையை எபாக்ஸி பசையில் உட்கார வைப்பார்கள். வருடக்கணக்கில் உழைத்து முடி கொட்டினால் கற்றையை மட்டும் குடைந்து எடுத்துவிட்டுப் புதிதாக வைக்கலாம், கைப்பிடி அப்படியே இருக்கும். பிளாஸ்டிக்கும் ரப்பரும் இரும்பும் ஒட்டிப் பிரிக்கவே முடியாத ஒரு கார்ட்ரிட்ஜில் எதைக் குடைந்து எதை மாற்றுவது?

இன்னொன்று. 1762-லேயே ழான் ழாக் பெரே என்ற பிரெஞ்சுக் கத்திக்காரர், தோலில் ஆழமாக இறங்காதபடி சவரக்கத்திக்கு மர உறை பூட்டினார். எங்கள் ஒற்றை பிளேடு ரேசரின் கொள்ளுத்தாத்தா மரத்தில்தான் பிறந்தார், கிண்டல் செய்யுமுன் அதை யோசியுங்கள்.

பழைய ரேசர் வெட்டும் என்று பயமுறுத்தினார்கள். முதல் இரண்டு வாரம் வெட்டும், ஆமாம். கார்ட்ரிட்ஜில் பழகிய கை அழுத்துகிறது, இங்கே அழுத்தவே கூடாது. ரேசரின் கனமே போதும், பிளேடு தோலோடு ஏறத்தாழ 30 டிகிரி சாய்வில் நின்றால் சரி. அப்புறம் படிகாரக் கல்லைத் தடவினால், அழுத்திய இடமெல்லாம் சுரீர் என்று எரிந்து காட்டிக்கொடுத்துவிடும்.

மணியடித்துவிட்டீர்கள், முடித்துக்கொள்கிறேன். எதிரணித் தலைவரின் தாடையோரம் ஒட்டியிருக்கிற காகிதத் துண்டைப் பற்றி நான் எதுவும் சொல்லப் போவதில்லை. அது ஐந்து பிளேடு செய்த வேலை என்று இடைவேளையில் அவரே சொல்லிவிட்டார்.