கர்னாடகத்துக் கடனும் இங்கிலாந்துத் தொகுதிகளும்

அனைவருக்கும் வணக்கம்.

1774-ஆம் ஆண்டு. இங்கிலாந்தின் டார்செட் மாவட்டத்தில் ஷாஃப்ட்ஸ்பரி என்று ஒரு சின்ன ஊர். பொதுத்தேர்தல் நடக்கிறது. ஓட்டுரிமை உள்ளவர்கள் ஒவ்வொருவராக ஒரு கதவின் முன்னால் போய் நிற்கிறார்கள். கதவில் ஓர் ஓட்டை. அந்தப் பக்கம் கோமாளி வேஷம் போட்ட ஓர் ஆள். அவர்கள் ஊர்ப் பொம்மலாட்டத்தில் ‘பஞ்ச்’ என்று ஒரு கோமாளி உண்டு, அந்த வேஷம். ஓட்டை வழியாக ஒரு பொட்டலம் வரும். பொட்டலத்தில் 20 கினி, அந்நாள் ஆங்கிலத் தங்கக் காசு. வாங்கிக்கொண்டு பக்கத்து அறைக்குப் போனால் அங்கே பஞ்சின் காரியதரிசி, அவருக்கும் வேஷம்! அவரிடம், க்ளென்பக்கெட் என்ற ஆளுக்கு இவ்வளவு பணம் தரவேண்டியிருக்கிறது என்று ஒரு சீட்டில் கையெழுத்துப் போட வேண்டும். க்ளென்பக்கெட் என்று யாரும் கிடையாது. நாளைக்கு வழக்கு வந்தால், யார் கொடுத்தார்கள் என்று கேட்டால், ‘முகத்தைப் பார்க்கவில்லை ஐயா’ என்று சத்தியமே செய்யலாம்.

சிரிக்கிறீர்கள். எதை நினைத்துச் சிரிக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். ஆனால் இன்று நான் உள்ளூர் அரசியல் பேச வரவில்லை. அந்தத் தேர்தலில் ஜெயித்த இருவரின் பெயரை மட்டும் சொல்கிறேன். ஒருவர் பிரான்சிஸ் சைக்ஸ், வங்காளத்தில் சம்பாதித்தவர். இன்னொருவர் தாமஸ் ரம்போல்டு, அவரும் கும்பினி, அதாவது கிழக்கிந்தியக் கம்பெனி, ஆள்தான். தோற்ற வேட்பாளர் மார்ட்டிமர் புகார் கொடுத்தார், விசாரணை நடந்தது, இருவருக்கும் பதவி போயிற்று. மார்ட்டிமர் அதோடு விடவில்லை. சைக்ஸ் மேல் வழக்குப் போட்டு 11,000 பவுண்டு வாங்கினார். சரி, ரம்போல்டு என்ன ஆனார்? 1778-இல் சென்னைக்குக் கவர்னராக வந்தார்.

அங்கே பதவி இழந்தவர் இங்கே கவர்னர், இங்கே சம்பாதித்தவர் அங்கே உறுப்பினர். இந்தப் போக்குவரத்தைப் பற்றித்தான் பேசப் போகிறேன். கும்பினி நம்மை ஆண்ட கதை நமக்குத் தெரியும். நம் வயல்களின் வரிப்பணம் இங்கிலாந்து நாடாளுமன்றத்தில் இடம் வாங்கிய கதையை நாம் அவ்வளவாகப் பேசுவதில்லை.

முதலில், நாடாளுமன்றத்தில் இடத்தை எப்படி விலைக்கு வாங்க முடியும்? இன்று மக்கள்தொகையைப் பார்த்துத் தொகுதி எல்லை போடுகிறோம். அன்றைய இங்கிலாந்தில் தொகுதி என்பது எப்போதோ ஓர் அரசர் ஓர் ஊருக்குக் கொடுத்த உரிமை. கொடுத்தால் கொடுத்ததுதான். ஊர் தேய்ந்தாலும் உரிமை தேயாது. கிழக்குக் கரையில் டன்விச் என்ற துறைமுகப் பட்டினத்தின் பெரும்பகுதியைக் கடல் கொண்டுபோய்விட்டது. நமக்குப் பூம்புகாரின் கதை தெரியும். ஆனால் கடல் கொண்ட டன்விச்சுக்கு 1832 வரை இரண்டு உறுப்பினர்கள்! பஞ்சாலைப் புகை மண்டிய மான்செஸ்டருக்குத் தனக்கென்று ஓர் உறுப்பினர்கூட இல்லை. பர்மிங்ஹாமுக்கும் இல்லை, லீட்ஸுக்கும் இல்லை.

ஓட்டு யாருக்கு என்பதும் ஊருக்கு ஊர் மாறும். சில ஊர்களில் உள்ளூர் வரி கட்டுபவருக்கு. சில ஊர்களில் தனி அடுப்பு மூட்டிச் சமைப்பவருக்கு. வேறு சில ஊர்களில் ஓட்டு மனையோடு ஒட்டிக்கொண்டிருந்தது, மனை யார் பெயரில் இருக்கிறதோ அவருக்கு ஓட்டு. வியாபாரத்துக்கு வசதி இந்தக் கடைசி வகைதான். மனைகளை எல்லாம் ஒரே ஆள் வாங்கிப் போட்டுவிட்டால் தொகுதியே அவர் சட்டைப்பையில். இப்படிப்பட்டவற்றுக்கு அவர்களே வைத்த பெயர் ‘அழுகல் தொகுதி’.

அழுகலிலும் அழுகல் ஒன்று உண்டு. வில்ட்ஷயரில் ஓல்டு சேரம். ஒரு காலத்தில் அந்த மேட்டின்மேல் கோட்டை இருந்தது, பெரிய தேவாலயம் இருந்தது. 1220-இல் கீழே சமவெளியில் புதிய தேவாலயத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள். ஊரும் கூடவே இறங்கிப் போய் இன்றைய சாலிஸ்பரி ஆயிற்று. மேலே புல் முளைத்தது. ஆனால் புல்லுக்கு இரண்டு உறுப்பினர்கள்! தேர்தல் என்றால் ஓர் எல்ம் மரத்தடியில் கூடாரம் போடுவார்கள். கடைசிக் காலத்தில் பத்துப் பதினோரு ஓட்டு, ஓட்டுப் போடுபவர்களில் ஒருவரும் அங்கே குடியிருக்கவில்லை.

இந்த மேட்டை வாங்கியவர் தாமஸ் பிட். கும்பினியின் அனுமதி இல்லாமல் வங்காளக் கரையில் திருட்டு வியாபாரம் செய்தவர். கும்பினி வழக்குப் போட்டது, அபராதம் கட்டவைத்தது. ஆளை அடக்க முடியவில்லை. கடைசியில் அவரையே 1698-இல் புனித ஜார்ஜ் கோட்டைக்குக் கவர்னராக அனுப்பிவைத்தது! 1709 வரை பதினோரு ஆண்டுகள் இருந்தார். 1702-இல் முகலாயத் தளபதி தாவூத் கான் சென்னையை முற்றுகையிட்டபோது தாக்குப்பிடித்தவர் இவர்தான்.

அந்தச் சமயத்தில்தான் அந்த வைரம் வருகிறது. கிருஷ்ணைக் கரையில் கொல்லூர்ச் சுரங்கத்தில் கிடைத்த கல், பட்டை தீட்டுமுன் 410 காரட். ஜாம்சந்த் என்ற வணிகரிடம் பேரம் பேசிப் பேசி 48,000 வராகனுக்கு முடித்தார். மகன் ராபர்ட்டிடம் கொடுத்து லண்டனுக்கு அனுப்பினார். 1717-இல் பிரான்ஸின் ஆட்சிப் பொறுப்பில் இருந்த ஆர்லியன்ஸ் கோமகனுக்கு அதை விற்ற விலை 1,35,000 பவுண்டு. இன்று பாரிஸில் லூவர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. வைரத்தை விற்றுத் தொகுதி வாங்கினார் என்று சிலர் சொல்வார்கள். கதைக்கு நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் காலக்கணக்கு ஒத்துவராது. ஓல்டு சேரம் நிலத்தை அவர் வாங்கியது 1690 வாக்கில், பழைய திருட்டு வியாபார லாபத்தில். வைரம் செய்தது என்னவென்றால், குடும்பத்தைப் பிரபுக்களின் வரிசையில் உட்காரவைத்தது.

அப்புறம் பாருங்கள், மேடு குடும்பச் சொத்தாகிவிட்டது. 1705-இல் மகன் ராபர்ட் ஓல்டு சேரம் உறுப்பினர். பிறகு கவர்னரே திரும்பி வந்து உறுப்பினர். 1735-இல் பேரன் வில்லியம். அண்ணன்காரர் இரண்டு தொகுதியில் ஜெயித்து ஒன்றை விட்டுக்கொடுக்க, தம்பி 26 வயதில் நாடாளுமன்றத்துக்குள் வந்தார். இந்தத் தம்பிதான் பிற்காலத்தில் சாதம் பிரபு, பிரதமர், ஏழாண்டுப் போரை நடத்தியவர், மூத்த பிட்.

எனக்கு இந்த மனிதரிடம் ஒரு மரியாதை உண்டு, ஒரு சிரிப்பும் உண்டு. 1766-இல் இதே மூத்த பிட் நாடாளுமன்றத்தில் எழுந்து, இந்தத் தொகுதிகள் அரசியலமைப்பின் அழுகிய பாகம், இது ஒரு நூற்றாண்டு தாங்காது, தானாக விழாவிட்டால் வெட்டி எறியத்தான் வேண்டும் என்றார். சரியாக 66 ஆண்டில் வெட்டினார்கள். 1770-இல் இன்னொரு பேச்சு. ஆசியாவின் செல்வம் கொட்டுகிறது, வெளிநாட்டுத் தங்கத்தைக் கொண்டுவருகிறவர்கள் லஞ்சம் கொடுத்து நாடாளுமன்றத்துக்குள் புகுந்துவிட்டார்கள், பரம்பரைச் சொத்துக்காரர்களால் ஈடுகொடுக்க முடியவில்லை என்று புலம்பல். யார் சொல்கிறார்? சென்னைக் கவர்னரின் பேரன்! இரண்டு தலைமுறை போனால் தங்கமும் பரம்பரைச் சொத்துதானே.

அவர் பயந்தது யாரைப் பார்த்து என்றால், இந்தியாவிலிருந்து பணத்தோடு திரும்பிய ‘நபாப்’களைப் பார்த்து. அவர்களில் நமக்கு நெருங்கியவர் பால் பென்ஃபீல்டு.

1764-இல் கும்பினி வேலைக்காரராகச் சென்னைக்கு வந்தவர். சம்பளம் ஆண்டுக்குச் சில நூறு பவுண்டு. உண்மையான தொழில் வட்டி. கடன் வாங்கியவர் ஆற்காட்டு நவாப் முகமது அலி வாலாஜா, சேப்பாக்கம் அரண்மனைக்காரர். அவர் ஆண்ட நாட்டைத்தான் அன்று கர்னாடகம் என்றார்கள், இன்றைய கர்நாடக மாநிலம் அல்ல. படைச்செலவுக்குக் கும்பினிக்குக் கட்டவேண்டிய பாக்கி நவாபின் கழுத்தை நெரித்தது. பாக்கியைக் கட்ட அவர் கும்பினி ஊழியர்களிடமே கடன் வாங்கினார். நூற்றுக்கு 20, 25, சில சமயம் 36 வட்டி! ஈடு என்ன? ஒரு சீமையின் நிலவரி. இன்ன சீமை வசூல் இன்னாருக்கு என்று சீட்டு எழுதிக் கொடுத்துவிடுவார். ஆக, கடன் நவாபுடையது, கட்டுகிறவன் குடியானவன்.

1773-இல் கும்பினிப் படையை வைத்து நவாப் தஞ்சாவூரைப் பிடித்தார். அரசர் துளஜாஜி சிறைப்பட்டார். காவிரிப் படுகை வசூல் முழுவதும் நவாபின் கைக்கு, அங்கிருந்து கடன் கொடுத்தவர்கள் கைக்கு. லண்டன் இதை ஏற்கவில்லை. கவர்னராக வந்த பிகாட் பிரபு 1776-இல் தஞ்சாவூரை அரசருக்கே திருப்பிக் கொடுத்தார். உடனே பென்ஃபீல்டு, எனக்குத் தஞ்சாவூர் வருவாயின்மேல் சுமார் 2,30,000 பவுண்டு பாத்தியம் இருக்கிறது என்று வந்து நின்றார். வயலில் நின்ற பயிரும் அதில் அடக்கம்! கணக்கு எங்கே என்றால் கணக்கு இல்லை. கவர்னரோடு சேர்ந்து ஆளும் கவுன்சிலில் பெரும்பான்மை பென்ஃபீல்டு பக்கம் சாய்ந்தது. அவர்கள் கவர்னரையே கைது செய்து பரங்கிமலையில் வைத்தார்கள். 1777 மே மாதம் பிகாட் காவலிலேயே இறந்துபோனார். ஓர் ஆங்கிலக் கவர்னரை ஆங்கிலேயர்களே சிறைவைத்த அந்தச் சண்டையின் அடியில் கிடந்தது தஞ்சாவூர் நெல்.

பென்ஃபீல்டு 1780-இல் க்ரிக்லேடு தொகுதியில் நின்று ஜெயித்தார். மறு வருஷமே உறுப்பினர் பதவியை வைத்துக்கொண்டு சென்னைக்குக் கப்பல் ஏறிவிட்டார், வசூலைப் பார்க்க! க்ரிக்லேடில் லஞ்சம் கட்டுக்கடங்காமல் போகவே 1782-இல் சுற்றுவட்டாரக் கிராமத்தாருக்கும் ஓட்டுக் கொடுத்துத் தொகுதியைப் பெரிதாக்கினார்கள். பென்ஃபீல்டு பின்னாளில் மாம்ஸ்பரி போனார், அப்புறம் நாம் ஆரம்பத்தில் பார்த்த அதே ஷாஃப்ட்ஸ்பரி.

நவாபும் சும்மா இருக்கவில்லை, லண்டனில் அவருக்கும் ஆள் இருந்தது. ஸ்காட்லாந்தின் பழங்கவி ஓசியனின் பாடல்களைக் கண்டுபிடித்ததாகச் சொல்லி ஐரோப்பாவையே ஏமாற்றிய ஜேம்ஸ் மெக்பர்சன் ஆற்காட்டு நவாபின் ஏஜென்ட். 1780 முதல் கார்ன்வாலில் கேமல்ஃபோர்டு என்ற குட்டித் தொகுதிக்கு உறுப்பினர். தஞ்சாவூர் அரசருக்கும் ஏஜென்ட் இருந்தார், வில்லியம் பர்க். நாடாளுமன்ற உறுப்பினர் எட்மண்ட் பர்க்கின் உறவுக்காரர்.

எட்மண்ட் பர்க் 1785 பிப்ரவரி 28 அன்று பேசியதைச் சொல்லாமல் இந்தச் சொற்பொழிவு முடியாது. நவாபின் தனியார் கடன்களை விசாரிக்காமலே கர்னாடக வருவாயிலிருந்து ஆண்டுக்கு 12 லட்சம் வராகன் ஒதுக்கிக் கட்டச் சொல்லி இளைய பிட்டின் அரசு உத்தரவு போட்டிருந்தது. இளைய பிட் யார்? அன்றைய பிரதமர், மூத்த பிட்டின் மகன், வைரக் கவர்னரின் கொள்ளுப்பேரன். பர்க் எழுந்தார். ஹைதர் அலியின் படையெடுப்பிலும் பஞ்சத்திலும் நாசமான அந்த நாட்டிலா இந்த வசூல் என்று கேட்டார். தன்னையும் சேர்த்து பென்ஃபீல்டு எட்டு உறுப்பினர்களைப் போன நாடாளுமன்றத்துக்கு அனுப்பினார் என்று எண்ணிச் சொன்னார். கடன் கொடுத்தவர்களின் ஓட்டு உங்களுக்கு, கர்னாடகத்தின் பணம் அவர்களுக்கு, இதுதானே பேரம் என்றார். தோற்றார்.

இரண்டு மாதம்கூட ஆகவில்லை. ஏப்ரல் 18 அன்று இளைய பிட் ஒரு சீர்திருத்தத் தீர்மானம் கொண்டுவந்தார். 36 அழுகல் தொகுதிகளை 10 லட்சம் பவுண்டு கொடுத்து விலைக்கு வாங்கி ஒழித்துவிடலாம் என்று! 174-க்கு 248 என்று தோற்றது. இதில் பர்க் எந்தப் பக்கம்? தொகுதிச் சீர்திருத்தம் அவருக்குப் பிடிக்காது. அவர் உட்கார்ந்திருந்த மால்டன் தொகுதியே ஒரு பிரபுவின் சட்டைப்பைத் தொகுதி. இதற்காகப் பர்க்கை நாம் கழித்துவிட வேண்டியதில்லை என்பது என் கட்சி. தஞ்சாவூருக்கும் ஆற்காட்டுக்கும் அந்தச் சபையில் யாராவது பேசினார்கள் என்றால் இவர்தான், உறவுக்காரர் வாங்கிய சம்பளத்தையும் சேர்த்தே சொல்கிறேன்.

நவாப் நாட்டை 1801-இல் கும்பினி எடுத்துக்கொண்டது. அப்புறம் கடன்பத்திரங்களை ஆராய ஒரு குழு உட்கார்ந்தது. சுமார் 3 கோடி பவுண்டுக்கு உரிமை கொண்டாடி வந்தார்கள், அதில் பத்தில் ஒரு பங்குகூட உண்மையான கடன் இல்லை என்று முடிவாயிற்று! பென்ஃபீல்டு 1810-இல் பாரிஸில் வறுமையில் இறந்தார். அந்த வறுமை எனக்கு ஆறுதலாக இல்லை. பணம் தஞ்சாவூருக்குத் திரும்பவில்லையே.

ஓல்டு சேரம்? 1802-இல் பிட் குடும்பம் அதைக் கேலிடன் பிரபுவுக்கு விற்றது. நிலத்தால் ஆண்டுக்கு வருவது 700 பவுண்டு, விலை 60,000. மிச்சமெல்லாம் இரண்டு நாற்காலிகளின் விலை. கேலிடன் குடும்பச் செல்வமும் கும்பினிச் செல்வமே. கடைசி உறுப்பினர்கள் இருவரும் அந்தக் குடும்பத்துக்காரர்கள். ஒருவர் பெயர் ஜோசியாஸ் டூ ப்ரே அலெக்ஸாண்டர். ஜோசியாஸ் டூ ப்ரே என்று 1770 முதல் 1773 வரை சென்னையில் ஒரு கவர்னர் இருந்தார், அந்தக் கேலிடன் குடும்பத்தில் பெண் எடுத்தவர்.

1832 சீர்திருத்தச் சட்டம் 56 ஊர்த்தொகுதிகளை அடியோடு நீக்கியது. மான்செஸ்டருக்கு இரண்டு இடம் கிடைத்தது. 1800-இல் அயர்லாந்து நாடாளுமன்றத்தைக் கலைத்தபோது, ஒழிந்த ஒவ்வொரு ஊர்த்தொகுதிக்கும் சொந்தக்காரருக்கு 15,000 பவுண்டு கொடுத்தார்கள். 1832-இல் யாருக்கும் ஒரு பென்னி கொடுக்கவில்லை. கேலிடன் பிரபுவின் 60,000 போனது போனதுதான்.

கேள்விகளுக்கு வருவோம். பின்வரிசையில் முதலில் கைதூக்கிய ஐயா, நீங்கள் கேளுங்கள்.